தன்னைத் தேடுற துப்பறிவாளர்

நவம்பர் 4
அறையை விட்டுப் போன அண்ணர் ஒரு நாவலை விட்டுட்டுப் போயிருக்கிறார். பத்ரிக் மொதியானோ எழுதினது, 1978இல பிரான்சின்ர கொன்கூர் இலக்கியப் பரிசு எடுத்தது, 'மிஸ்ஸிங் பேர்சன்' எண்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. என்ர பிறெஞ்சு பாண் கடையோட சரி.

கீ ரோலான் எண்டு ஒரு துப்பறிவாளர். தான் ஆரெண்டு அவருக்கே ஞாபகமில்லை. முதலாளி ஹ்யூத் ஏஜென்சியை மூடிப்போட்டு நீஸுக்குப் போக, இவர் தன்னையே தேட வெளிக்கிடுறார். பாரிஸ், 1965. பேரும் பத்திரமும் ஹ்யூத் ஒழுங்குபடுத்திக் குடுத்ததுதான். குடுத்து வச்ச மனுசன்.

நவம்பர் 5
என்ர அகதி வழக்கு லோயர் போன் எடுத்தவ. விசாரணையில சொல்லுற திகதிகள் ஒண்டோடொண்டு முட்டக்கூடாதாம்.

நவம்பர் 7
நித்திரை இல்லை. நாவலில கீக்கு ஒருத்தர் பழைய படங்கள் குடுக்கிறார், இன்னொருத்தர் ஒரு விலாசம். படத்தில நிக்கிறவனைக் காட்டி, என்னைப்போல இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு திரியிறார். முதல்ல தான் ஃப்ரெடி எண்டு நம்புறார். பிறகு பெத்ரோ மக்எவோய். அதுவும் சொந்தப் பேரில்லைப் போல. ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடிச்சு வச்சிருந்த காலம், ஆரிட்ட உண்மைப் பேர் இருந்தது?

பிறகு மெஜேவ், ஆல்ப்ஸ் மலை ஊர். பனி. சுவிஸ் எல்லையால கடத்திவிடுறம் எண்டு காசு வாங்கினவங்கள் நடுவழியில விட்டுட்டுப் போறாங்கள். இது அவருக்கு உண்மையா ஞாபகம் வந்ததோ, இல்லாட்டி கேட்டுக் கேட்டுத் தானே கட்டினதோ? மொதியானோ சொல்லமாட்டார். இரண்டு தரம் வாசிச்சன்.

சண்டை முடிய எங்களை அடைச்ச மெனிக் பாம் முகாமுக்குள்ள போன அண்டைக்கு மழை எண்டு நான் சொல்லியிருக்கிறன். அம்மா வெயில் எண்டுறா.

நவம்பர் 8
மழைதான்.

நவம்பர் 9
லாச்சப்பலில ரெண்டாம் நம்பர் மெட்ரோ ஏறினால் நேர தேர்ன். அங்கயிருந்து கொஞ்ச நடை, நீல் அவென்யூ. ஹ்யூத்தின்ர ஏஜென்சி இருந்த தெரு. பெரிய கல்லு வீடுகள், கதவெல்லாம் பூட்டு. ஒண்டுமில்லை. ஆனாலும் சந்தோசமா இருந்துது.

நவம்பர் 10
கடற்கரை மனுசனைப் பற்றின இடம். நாப்பது வருசமா ஆக்களின்ர விடுமுறைப் படங்களில ஒரு மூலையில நிண்ட ஆள். ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஒருநாள் இல்லாமப் போனதையும் ஒருத்தரும் கவனிக்கேல்லை. முகாமில படம் எடுக்க வந்தவங்களின்ர கமராக்களில நான் எத்தினையில நிக்கிறனோ. அதுகளைக் கொண்டுபோய் லோயரிட்டக் குடுக்கலாமே!

நவம்பர் 12
முடிஞ்சுது. போரா போரா தீவு வரைக்கும் போயும் ஃப்ரெடி இல்லை. மிச்சம் ரோமில ஒரு பழைய விலாசம். அவ்வளவுதான். மர்ம நாவல் எண்டு வாங்கினவன் காசைத் திருப்பிக் கேப்பான். எனக்குப் பிடிச்சுது, கோபமும் வந்துது. தெரியாது எண்டு சொல்லிப்போட்டு இந்த மனுசன் அடுத்த ஊருக்கு ரிக்கற் எடுக்கிறார். நான் தெரியாது எண்டால்?

நவம்பர் 13
மஜென்தாவில ஈ லைன் எடுத்தால் நேர வால் த பொன்தனே, அகதி விசாரணைக்கு. சேட்டு அயர்ன் பண்ணியாச்சு. மொழிபெயர்க்க வாறவர் எங்கட பக்கமோ, இந்தியாப் பக்கமோ தெரியாது. மழையைக் கேட்டால் மழை எண்டுதான் சொல்லப்போறன்.