ஆசிட் வாஷ் ஏன் என்று புரிந்த நாள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறேன். பையர் அனுப்பும் துணித் துண்டைப் பார்த்து, அதே ஷேடு வரும்படி ரெசிபி போட்டுத் தருவது என் வேலை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து 11 வருடம் கழித்து கரஸில் எம்.எஸ்சி. சேர்ந்தேன். எல்லாத் தாள்களிலும் என்னை அதிகம் அழவைத்தது ஆர்கானிக், அதாவது கார்பன் சேர்மங்களின் கெமிஸ்ட்ரி. இன்று எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான்.

பாடப் புத்தகங்கள் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போதுதான் தபாலில் வந்தன. நான்கு முறை போன் செய்தேன், ஒவ்வொரு முறையும் “அனுப்பியாச்சு” என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. வேலைக்கும் போய் வீட்டையும் பார்ப்பவளுக்குப் படிக்கக் கிடைப்பது ராத்திரி ஒன்பதரை முதல் பதினொன்றரை வரைதான். அதில் நான்கு மாதம் புத்தகமில்லாமல் போனது. அதுவரை கைகொடுத்தவை என்.பி.டி.இ.எல். வீடியோக்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடம், ஒரு ரூபாய் செலவில்லை. புரியாத இடத்தை ஏழு முறை ஓட்டிப் பார்த்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பி.எஸ்சி.யில் நாங்கள் படித்தது வினையின் பெயர், என்ன சேர்க்க வேண்டும், என்ன கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே அது போதாது. எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொரு படியிலும் வளைந்த அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். கல்லூரிக்குப் போய்ப் படித்தால், பக்கத்தில் நடந்து போகும் ஆசிரியர் நோட்டை எட்டிப் பார்த்து “அம்பு தலைகீழா இருக்கு” என்று சொல்லிவிடுவார். எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. மூன்று வாரம் தப்பாகவே போட்டுப் பழகியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். எலக்ட்ரான் இல்லாத ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பைத் தொடங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நானே எனக்கு ஒரு கணக்குப் பரிசோதனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அம்புக்குப் பிறகும் எந்தக் கார்பனுக்காவது ஐந்து பிணைப்பு வந்துவிட்டதா என்று எண்ணுவேன், நான்குக்கு மேல் கூடாது. இரண்டு பக்கமும் மின்சுமையைக் கூட்டுவேன், ஒன்றாக வரவேண்டும். காரக் கரைசலில் நடக்கும் வினை என்றால் நடுவில் எங்கும் அமிலத்துக்கே உரிய ஹைட்ரோனியம் அயனி எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக வந்தால்தான் அடுத்த வரி.

வடிவங்கள் இன்னும் கஷ்டம். ஆறு கார்பன் வளையமான சைக்ளோஹெக்சேன் நாற்காலி போல மடிந்து நிற்கும், அந்த வடிவத்தைத் தாளில் எத்தனை முறை வரைந்தாலும் எனக்குத் தட்டையாகவே தெரிந்தது. மாடல் செட் வாங்கப் பணமும் மனமும் வரவில்லை. தென்னை ஈர்க்குச்சியை ஒரே அளவாக நறுக்கி, களிமண் உருண்டையில் குத்திச் செய்தேன். குளோரினுக்கு மட்டும் பச்சைச் சாயம் தோய்த்த உருண்டை. இந்த வளையம் உள்ள இரட்டையர் இருவர், அணுக்கள் ஒன்றே, குளோரின் நிற்கும் பக்கம் மட்டும் வேறு. அவற்றில் நியோமென்தைல் குளோரைடு, மென்தைல் குளோரைடைவிடச் சுமார் 200 மடங்கு வேகமாக எலிமினேஷன் ஆகும் (குளோரினும் ஹைட்ரஜனும் கழன்று இரட்டைப் பிணைப்பு உண்டாகும்) என்று புத்தகத்தில் படித்தபோது, அதை மனப்பாடம் செய்ய வேண்டிய எண்ணாகத்தான் நினைத்தேன். ஈர்க்குச்சி மாடலைக் கையில் வைத்துத் திருப்பியதும் காரணம் தெரிந்தது. குளோரினும் ஹைட்ரஜனும் ஒன்று மேலே, ஒன்று கீழே என நேரெதிராக நின்றால்தான் இரண்டும் கழன்று வரும். நியோமென்தைலில் அவை ஏற்கெனவே அப்படித்தான் நிற்கின்றன. மென்தைலிலோ வளையம் முழுவதும் புரள வேண்டும், புரண்டால் மூன்று பெரிய தொகுதிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிமிர வேண்டும். அது எப்படி வேகமாக நடக்கும்?

எலக்ட்ரான்கள் வளையமாகச் சுற்றி ஒரே மூச்சில் நடக்கும் பெரிசைக்ளிக் வினைகளை கம்பெனி வேனில் படித்தேன். உட்வர்டும் ஹாஃப்மனும் 1965இல் சொன்ன விதிகளுக்கு என் இரண்டு உள்ளங்கைகளே போதுமாக இருந்தன. இரண்டையும் ஒரே திசையில் திருப்பினால் ஒரு வகை, எதிரெதிராகத் திருப்பினால் இன்னொரு வகை. வெயில் படும்போது நம் தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கான முதல் படியும் இப்படி ஒரு வளையம் திறப்பதுதான் என்று படித்த அன்று, மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது மைக்கேல் சேர்க்கை பற்றி. இரட்டைப் பிணைப்பின் ஒரு முனையில் இன்னொரு மூலக்கூறு வந்து ஒட்டும் வினை அது.

எங்கள் பட்டறையில் காட்டனுக்கு அதிகம் ஓடுவது வினைல் சல்ஃபோன் சாயம், 60 டிகிரியில். முதலில் உப்பு போட்டு சாயத்தைத் துணிக்குள் இழுக்க வேண்டும். அப்புறம் சோடாவை, அதாவது காரத்தை, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கலர் ஏறியதும் தண்ணீரை இறக்கி, அசிட்டிக் ஆசிட் போட்டு நியூட்ரல் செய்து, அதற்குப் பிறகுதான் கொதி சூட்டில் சோப்பிங். ஒருமுறை அவசரத்தில் ஆசிட் வாஷை விட்டுவிடலாமா என்று கேட்டேன். டையிங் மாஸ்டர் அண்ணன் விடவில்லை. “அம்மிணி, சோடா துணியில இருக்கறப்பச் சூடேத்துனா ஏறுன கலரு இறங்கிரும். ஆசிட் போட்டுட்டு அப்புறம் சோப்பு ஓட்டு.” ஏன் என்று கேட்டால், “எங்க மாஸ்டர் சொன்னது” என்பார். 11 வருடமாக எனக்கும் அது வெறும் வழக்கம்தான்.

ஒருநாள் ராத்திரி பாடத்தில் சல்ஃபோனை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி) ஒட்டிய கார்பனிலிருந்து காரம் ஹைட்ரஜனைப் பிடுங்கும் படம் இருந்தது. பிடுங்கியதும் அடுத்த கார்பனில் இருக்கும் நல்ல வெளியேறும் தொகுதி கழன்றுபோய், இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது எங்கள் சாயம்! சோடா விழுந்ததும் சாயத்தின் வாலிலிருக்கும் சல்ஃபேட் கழன்று வினைல் சல்ஃபோன் ஆகிறது. பருத்தியிலிருக்கும் செல்லுலோஸின் ஆக்சிஜன் அதைப் போய்த் தாக்குகிறது. அதுதான் மைக்கேல் சேர்க்கை, அதுதான் கலர் பிடிப்பது. தண்ணீரே தாக்கிவிட்டால் அந்தச் சாயம் செத்த சாயம், இனித் துணியைப் பிடிக்காது. அதைக் கழுவி எடுக்கத்தான் அத்தனை சோப்பிங், அத்தனை தண்ணீர். சாயக் கழிவுநீருக்காக 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊரிலுள்ள பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவள் நான். அந்தத் தண்ணீருக்குள் இருந்த சாயத்தில் பெரும்பகுதி எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த பக்கத்தில் இதே வினை திரும்பியும் நடக்கும் என்று போட்டிருந்தது. காரமும் சூடும் சேர்ந்தால் அதே ஹைட்ரஜன் மறுபடி பறிபோகும், பருத்தியோடு சேர்ந்த பிணைப்பு கழன்று மறுபடி வினைல் சல்ஃபோன். அண்ணன் சொன்ன “ஏறுன கலரு இறங்கிரும்” இதுதான். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தூக்கம் வரவில்லை. அம்புகளைப் பெரிதாக ஒரு ஏ4 தாளில் போட்டு எடுத்துக்கொண்டு காலையில் பட்டறைக்குப் போனேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். “அப்ப எங்க மாஸ்டர் சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்றார். தாளை வாங்கி ரெசிபி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் செய்முறை வகுப்புக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். பள்ளி ஆசிரியைகள் மூவர், மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி என எல்லோருமே வேலைக்கு நடுவில் படிப்பவர்கள். கொடுக்கும் கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்த கலவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கலக்கி வடிகட்டினேன். மேலே நின்றது நாஃப்தலீன், அந்துருண்டை வாசனையே காட்டிக்கொடுத்தது. கீழே இறங்கியதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் வெள்ளையாகத் திரண்டது பாரா டொலுடின். அது நைட்ரஜன் உள்ள அமீன் வகைதான் என்று உறுதி செய்ய, அதிலிருந்தே சாயம் உண்டாக்கிப் பார்க்கும் அசோ சாயச் சோதனை. ஐஸில் வைத்து 5 டிகிரிக்குக் கீழே டயசோ (இரண்டு நைட்ரஜன் சேர்ந்த உப்பு) ஆக்கி, காரத்தில் கரைத்த பீட்டா நாஃப்தாலில் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். ஆரஞ்சு கலந்த சிவப்பு பளீரென்று வந்தது. தினமும் டப்பாவிலிருந்து அள்ளி எடை போடுகிற பொருளை முதல்முறையாக நானே உண்டாக்கினேன். கண் கலங்கிவிட்டது.

வடிகட்டிய தாளைக் காயவைத்து, கவருக்குள் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஷேடு நல்லாருக்குது. தண்ணியில நிக்குமா?”

ஒரு துண்டை வெட்டி பீக்கரில் போட்டோம். பத்து நிமிஷம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீரில் நிறம் இறங்கவே இல்லை.