அறுபது கிராம் ரொட்டி

கியூபாவின் தலைநகர் ஹவானா போய் இறங்கியது 2025 பிப்ரவரியில். சென்ட்ரோ ஹவானா என்ற பகுதியில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதை அங்கே 'காசா பார்த்திகுலார்' என்கிறார்கள். 1997 முதல் சட்டப்படி அனுமதி உண்டு. வாசலில் நங்கூரம் போன்ற நீலக் குறி ஒட்டியிருக்கும்.

வீட்டுக்கார அம்மா வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் காலை கியூபாவின் பொருளாதாரம் பற்றி ஏதோ கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சின்ன நோட்டையும் ஒரு ரொட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

நோட்டின் பெயர் லிப்ரேத்தா. 1962-இல் கொண்டுவரப்பட்ட ரேஷன் அட்டை. மாதத்துக்கு ஒரு பக்கம். அரிசி, பயறு, சர்க்கரை, எண்ணெய், காபி என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. பொருள் கொடுத்ததும் கடைக்காரர் பேனாவால் குறிக்கிறார். ஜனவரிப் பக்கத்தில் எண்ணெய்க் கட்டம் காலி. காபிக் கட்டமும் காலி. காபி வரும் மாதங்களிலும் அது முழுக் காபி கிடையாது, வறுத்த பட்டாணியைக் கலந்து அரைத்தது. அந்தக் காபிக்குப் பழகிப்போய், அசல் காபி குடித்தால் ஏதோ குறைவது போலத் தோன்றும் என்றார் அந்த அம்மா.

அப்புறம் ரொட்டி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. முன்பு 80 கிராம் இருந்தது, மாவுப் பற்றாக்குறையால் 2024 செப்டம்பரில் 60 கிராம் ஆக்கிவிட்டார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. விலை ஒரு பெசோவுக்கும் குறைவுதான், பெசோ கியூபாவின் நாணயம். ஆனால் காசு இருந்தும் பொருள் இல்லை என்பதுதான் அந்த ஊரின் துயரம்.

கியூபாவின் வெப்பத்தில் கோதுமை விளைவதில்லை. மாவுக்கான கோதுமை முழுவதும் கப்பலில் வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும். 1962 முதல் கியூபாவோடு வணிகம் செய்ய அமெரிக்கத் தடை. கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல் 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது என்று 1992-இல் இன்னொரு சட்டம். உணவுப் பொருளை மட்டும் அமெரிக்க நிறுவனங்கள் விற்கலாம் என்று 2000-இல் விலக்கு கொடுத்தார்கள், ஆனால் கடனுக்குக் கிடையாது, ரொக்கம் முன்னால் வைக்க வேண்டும். அதனால் ஹவானா தட்டில் விழும் கோழி பெரும்பாலும் அமெரிக்கக் கோழி. பணம் கட்டும்வரை சரக்குக் கப்பல் கடலிலேயே காத்து நிற்கும் நாள்களும் உண்டு. கடை ரொட்டி கப்பலைப் பார்த்துக் காத்திருக்கிறது.

தடை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஹவானாவுக்குக் கிழக்கே இருக்கும் ஹெர்ஷே ஊருக்குப் போனபின் அந்த எண்ணம் உறுதிப்பட்டது. அமெரிக்கச் சாக்லேட் முதலாளி மில்டன் ஹெர்ஷே தன் சாக்லேட்டுக்குச் சர்க்கரை வேண்டுமென்று ஆலையோடு சேர்த்துக் கட்டிய ஊர் அது. புரட்சிக்குப்பின் ஆலை அரசுடைமையாகி, புரட்சித் தளபதி காமிலோ சியன்ஃபுவேகோஸ் பெயரைப் பெற்றது. இப்போது புகைபோக்கியும் துருவேறிய இரும்புச் சட்டங்களும்தான் மிச்சம். கூரை இல்லாத இடத்தில் மரம் முளைத்திருக்கிறது.

'சர்க்கரை இல்லையேல் நாடு இல்லை' என்பது கியூபாவின் பழைய சொல். சோவியத் ஒன்றியம் சந்தை விலைக்கு மேல் கொடுத்துச் சர்க்கரையை வாங்கியது, பதிலுக்குப் பெட்ரோலிய எண்ணெய் அனுப்பியது. 1970-இல் ஒரு கோடி டன் எடுத்தே தீருவது என்று நாட்டையே கரும்பு வெட்ட இறக்கினார் ஃபிடல் காஸ்ட்ரோ. சுமார் 85 லட்சம் டன் வந்தது. மற்ற தொழில்களெல்லாம் அந்த ஆண்டு முடங்கின. 1991-இல் சோவியத் போனதும் வாங்க ஆளில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது, அந்தக் காலத்தை 'சிறப்புக் காலம்' என்கிறார்கள். நம் நாட்டில் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று 10,000 டன் கோதுமை திரட்டிக் கப்பலில் அனுப்பியது அப்போதுதான். 2002-இல் கிட்டத்தட்டப் பாதிச் சர்க்கரை ஆலைகளை மூட முடிவெடுத்தார்கள். 2023 பருவத்தில் கிடைத்தது வெறும் மூன்றரை லட்சம் டன். ஒற்றைப் பயிரையும் ஒற்றை வாடிக்கையாளரையும் நம்பிய திட்டத்துக்கு வேறு யாரும் பொறுப்பேற்க முடியாது. ஒரு காலத்தில் உலகத்துக்கே சர்க்கரை அனுப்பிய தீவு, இப்போது வெளிநாட்டுச் சர்க்கரையை வாங்கித் தன் மக்களுக்கு ரேஷனில் கொடுக்கிறது. அந்தத் துருவைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த அம்மாவின் மகள் டாக்டர். அரசு மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துக் கண் சிவந்து வருவார். அவருடைய மாதச் சம்பளத்தை வெளிச்சந்தை விலையில் மாற்றினால் 20 டாலர் தேறாது. அப்போது அதிகாரப்பூர்வமாக ஒரு டாலருக்கு 120 பெசோ. தெருவில் 300-க்கும் மேல் இருந்தது. நான் அறைக்குக் கொடுத்தது ஓர் இரவுக்கு 25 டாலர். உயிர் காக்கிற மகளின் ஒரு மாதத்தை, படுக்கை விரிப்பு மாற்றுகிற அம்மா ஒரே ராத்திரியில் தாண்டிவிடுகிறார். 'தலைகீழ்ப் பிரமிடு' என்று அங்கே இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. காசு வாங்கும்போது அந்த அம்மா மகளின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் எண்ணினார். அறை வாடகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? குறைந்தபட்ச ஓய்வூதியம் அப்போது 1,528 பெசோ. 2021-இல் சிறு தனியார் நிறுவனங்களை அனுமதித்தபின் தெருவுக்குத் தெரு கடை வந்திருக்கிறது, முட்டையும் பாஸ்தாவும் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அங்கே 30 முட்டை அட்டை ஒன்றின் விலை அந்த ஓய்வூதியத்தைவிட அதிகமாக இருந்தது.

இத்தனைக்கும் மகளின் படிப்புக்கு ஒரு பெசோ செலவாகவில்லை என்று அந்த அம்மா பெருமையோடு சொன்னார். 1961-இல் மாணவர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி எழுத்தறிவித்த நாடு அது. அந்தப் பெருமை பொய்யில்லை. படித்த பிள்ளைகள் விமானம் ஏறிக்கொண்டே இருப்பதும் பொய்யில்லை.

கடைசி நாள் காலை கரண்ட் இல்லை. ரொட்டிக் கடை வாசலில் நாற்பது பேர் இருப்பார்கள், ஆனால் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. நிழலில் சிலர், படிக்கட்டில் சிலர். அந்த அம்மா போய் நின்று "உல்தீமோ?" என்று குரல் கொடுத்தார். கடைசி ஆள் யார் என்று கேள்வி. தொப்பி போட்ட ஒரு பெரியவர் கை தூக்கினார். அவ்வளவுதான், இனி அவருக்குப் பின்னால் நாம். அதற்கப்புறம் எங்கே உட்கார்ந்தாலும் இடம் போகாது. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த நினைவு வந்து, "நீ இருப்பா" என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் மாடியேறினார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, "உல்தீமோ?" என்றாள்.

நான் கை தூக்கினேன்.