காபித் தோட்டத்து வருமானத்தைக் காட்டி ஷெங்கன் விசா: ஏற்காட்டிலிருந்து என் பெற்றோர் ஜெர்மனி சென்று வந்த அனுபவம்

மாதச் சம்பளமும் வருமான வரிக் கணக்கும் இல்லாதவர்களுக்கு, ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கிடைக்காது என்று சேலத்தில் பலர் எங்களிடம் உறுதியாகச் சொன்னார்கள். என் பெற்றோர் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் காபியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயிகள். தங்கை ஜெர்மனியில் பிராங்பர்ட்டுக்கு அருகே உள்ள மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறாள். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவளுக்கு முதல் பிரசவம் என்று தெரிந்ததும், அம்மாவும் அப்பாவும் உடனிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று; விண்ணப்ப வேலை முழுவதும் சேலத்தில் இருக்கும் என் பொறுப்பில் வந்தது. இருவருக்கும் விசா கிடைத்தது, நல்லபடியாகப் போய்த் திரும்பியும் விட்டார்கள். இது குறித்துக் கிடைக்கும் வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருப்பதால், நிலத்தை நம்பி வாழும் பெற்றோரை அனுப்ப விரும்பும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. குறுகிய கால விசாவில் எந்த 180 நாள் காலத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்க முடியாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அந்தக் கணக்கில் சேரும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி பல ஆவணங்களைக் கேட்டாலும், அவர் மனத்தில் உள்ள பெரிய கேள்வி ஒன்றுதான்: இவர்கள் சொன்ன நாளில் திரும்பிப் போவார்களா? பெற்றோரின் நிலத்தையோ, அறுவடைக் காலத்தில் அப்பா தோட்டத்தை விட்டு ஒரு நாளும் நகராததையோ அவர் பார்க்கப் போவதில்லை. நாம் கொடுக்கும் காகிதங்களை வைத்து மட்டுமே அவர் முடிவெடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே மனத்தில் கொண்டால், எந்த ஆவணத்தை எதற்காகச் சேர்க்கிறோம் என்பது தெளிவாகிவிடும்.

இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லாததால் அங்கிருந்தே தொடங்கினோம். சேலம் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் பெற்று விண்ணப்பித்தோம். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயதைக் கடந்தவர் புதிதாக விண்ணப்பித்தால் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கப்படுவதில்லை, அதை விரித்தே எழுத வேண்டும். அதனால் ஆதாரில் இனிஷியலோடு இருந்த பெயர்களை முதலில் திருத்தி, அப்பாவுக்குத் தாத்தாவின் பெயரையும் அம்மாவுக்கு அப்பாவின் பெயரையும் குடும்பப் பெயருக்கான இடத்தில் நிரப்பினோம். அந்த இடத்தைக் காலியாக விடுவது நம் ஊரில் பரவலான வழக்கம்தான். ஆனால் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எத்தனையோ பேர் தவித்தார்கள். புதிதாக எடுப்பவர்கள் இரண்டு இடங்களையும் நிரப்பிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. போலீஸ் விசாரணை ஏற்காடு காவல் நிலையத்திலிருந்து நடந்தது, அதில் சிக்கல் எதுவும் எழவில்லை.

இந்த இடத்தில் ஒரு வீண் பயத்தையும் குறிப்பிட வேண்டும். அப்பா பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற முத்திரை விழும், அதோடு ஜெர்மனிக்குப் போக முடியாது என்று ஒரு முகவர் அச்சுறுத்தினார். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தச் சோதனை பொருந்தாது. மேலும் அது குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்காகச் செல்வோருக்கான ஏற்பாடு. மகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தங்கையின் பக்கம் முதன்மையான ஆவணம் பொறுப்பேற்பு உறுதிமொழிப் பத்திரம். பெற்றோர் அங்கே தங்கும் காலத்தின் செலவு முழுவதையும், மருத்துவச் செலவு உட்பட, தானே ஏற்பதாக அவள் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுப் பெற வேண்டும். ஒரு பத்திரத்துக்கு 29 யூரோ கட்டணம். அவளுடைய சம்பளச் சீட்டுகளையும் வேலை ஒப்பந்தத்தையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் பார்த்த பிறகே அலுவலகம் அதை வழங்கியது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பத்திரம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதால், மிக முன்னதாக வாங்கி வைப்பதும் பயன்படாது. மூலப்பத்திரத்தைக் கூரியரில் அனுப்பிவைத்தாள். அதோடு அழைப்புக் கடிதமும், பிரசவத் தேதியைக் குறிப்பிடும் மருத்துவரின் சான்றும் வந்தன.

எங்களுக்கு அதிக உழைப்பைக் கேட்டது நில ஆவணம்தான். தோட்டத்துக்குப் பட்டா அதுவரை தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. மலையில் பல குடும்பங்களின் நிலை இதுதான்; பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இல்லாதவரை யாரும் பெயர் மாற்றுவதைப் பற்றி யோசிப்பதில்லை. வாரிசுச் சான்றிதழ் பெற்று, சித்தப்பாவின் சம்மதத்தோடு, இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்ற ஏற்காடு தாசில்தார் அலுவலகத்துக்கு அப்பா பலமுறை சென்றார். பட்டாவோடு, நிலத்தில் என்ன பயிர் உள்ளது என்பதைக் காட்டும் அடங்கல் நகலையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்றோம். எனக்குத் தெரிந்தவரை, விவசாயிகள் பட்டாவை மட்டும் வைத்துவிட்டு அடங்கலை விட்டுவிடுகிறார்கள். நிலம் இருப்பதைப் பட்டா சொல்கிறது. அந்த நிலத்தில் காபியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும் இந்த ஆண்டும் நிற்கின்றன என்பதை அடங்கல்தான் சொல்கிறது. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தும் பெற்று மூலத்தோடு இணைத்தோம்.

வருமான வரிக் கணக்கு ஏன் இல்லை என்பதற்கு நேரடியான விளக்கம் உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இதை ஒரு பட்டயக் கணக்காளரின் கடிதமாகப் பெற்றோம். வங்கிக் கணக்கு இன்னும் நுட்பமான விஷயம். மலையில் காபிப் பழப் பறிப்பு நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும், அதைத் தொடர்ந்து மிளகு வரும். எனவே அப்பாவின் கணக்கில் குளிர்காலத்தின் பிற்பகுதியில் பெரிய தொகைகள் வந்து விழுகின்றன. மற்ற மாதங்களில் எடுப்பது மட்டுமே நடக்கிறது. காரணம் தெரியாதவர் பார்த்தால், விசாவுக்காக யாரோ திடீரெனப் பணம் போட்டது போலவே அது தோன்றும். இதற்காக முந்தைய ஆண்டுகளின் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து எடுத்து, ஒவ்வொரு பெரிய வரவுக்கும் நேராக வியாபாரி கொடுத்த காபி, மிளகு விற்பனை ரசீதை வைத்தோம். மூன்று ஆண்டுகளும் ஒரே மாதங்களில் ஒரே மாதிரி ஏறி இறங்குவதைப் பார்க்கும் யாருக்கும் அது பொய்க் கணக்கு அல்ல என்பது விளங்கும். சேலத்து முகவர் ஒருவர், தாமே சில லட்சங்களைக் கணக்கில் போட்டு விசா வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இது ஏமாற்று வேலை என்பதோடு, உண்மையான வருமானத்தின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும் வேலை, மறுத்துவிட்டோம். இதே யோசனையைக் கேட்க நேரும் எவரும் மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பயணத் தேதிகளையும் பயிரை வைத்தே முடிவு செய்தோம். மிளகு முடிந்த பிறகு மே மாத இறுதியில் புறப்பாடு, ஆகஸ்டில் திரும்புதல். கவரிங் லெட்டரில் அப்பா தம் நிலைமையை நேராகச் சொல்லும்படி எழுதினேன்: நவம்பரில் பறிப்பு தொடங்கும், அதற்கு முன் களையெடுப்பும் நிழல் மரங்களைக் கவாத்து செய்வதும் உள்ளன, ஆள் வைத்து வேலை வாங்குபவர் நானே, அதற்குள் நான் ஊரில் இருந்தாக வேண்டும். ரசீதுகளின் தேதிகளே அதற்குச் சான்றாக நின்றன. உறவை நிரூபிக்கத் தங்கையின் பிறப்புச் சான்றிதழை வைத்தோம். அதில் அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதிலிருந்து சற்று மாறுபட்ட ஆங்கில எழுத்துக்களில் இருந்ததால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் உடன் இணைத்தோம்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் காலம் முழுவதற்கும், ஷெங்கன் பகுதி முழுவதற்கும் பொருந்த வேண்டும். விலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல பாலிசிகள் பொறுப்பேற்பதில்லை என்பதால், அந்த நிபந்தனையை வரிவரியாகப் படித்துத் தேர்ந்தெடுத்தோம். விமானத்துக்கு முன்பதிவு விவரத்தை மட்டுமே வைத்தோம், முழுப் பணம் கட்டிய டிக்கெட் அந்தக் கட்டத்தில் தேவையில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசியாக 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடைக்கால நேரங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் கடைசி வரம்பை நம்பக் கூடாது. இருவரையும் மலையிலிருந்து இறக்கி, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். விண்ணப்ப மையத்தில் ஒருவருக்கு 90 யூரோ என்ற விசாக் கட்டணத்தை ரூபாயில் வாங்கினார்கள், சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. அப்பாவின் கைரேகை எளிதில் பதியவில்லை. ஆயுள் முழுவதும் மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே நடந்திருந்ததால், சில வாரங்களாக இரவில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தேன். அங்கிருந்த பெண் ஊழியர் சற்றும் சலிக்காமல், விரல்களைத் துடைத்துத் துடைத்து, பதியும்வரை பொறுமையாக எடுத்தார். அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். விவசாயிகளை அழைத்துச் செல்கிறவர்கள் இதற்கென்று கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை நீளலாம். பாஸ்போர்ட் திரும்பியதும் விசா ஸ்டிக்கரை நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. அந்த இடைவெளிக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறொன்று. முதலாவது பெரும்பாலும் நீண்டிருக்கும். கடைசித் தேதி வரை தங்கலாம் என்று எண்ணிவிட்டால் அது அனுமதியை மீறிய தங்கலாகி, அடுத்த விசாவைப் பாதிக்கும்.

மே மாதம் சேலத்தில் மாம்பழக் காலம். மகளுக்கு மல்கோவாவும் வீட்டில் உருக்கிய நெய்யும் கொண்டுபோக வேண்டும் என்பது அம்மாவின் பெருவிருப்பமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் எடுத்துச் செல்லத் தடை உண்டு. நெய் அதில் அடங்கும். மாம்பழத்துக்குப் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு, எங்கள் தோட்டத்துக் காபியை வறுத்து அரைத்த தூளும், பிரசவ மருந்துப் பொடியும், மிளகும் கொண்டுசென்றார்கள். விமானத்தில் வருவோர் கொண்டுவரும் பொருட்களின் மொத்த மதிப்பு 430 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை. அப்பாவின் மாத்திரைகளுக்கு மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி வைத்தோம்.

விசா இருந்தாலும் எல்லையில் அதிகாரி மறுபடி கேட்கலாம். நுழைவை அனுமதிப்பதும் மறுப்பதும் அவர் முடிவு. ஆகவே பெட்டியில் போடாமல் கைப்பையில் தங்கை அனுப்பிய பொறுப்பேற்பு உறுதிமொழிப் பத்திரம், காப்பீடு, திரும்பும் டிக்கெட், தங்கையின் முகவரி ஆகியவற்றை வைத்துக் கொடுத்தேன். பெற்றோருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பதால், யாரைப் பார்க்க எதற்காக வருகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதைத் தங்கை ஜெர்மானிய மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். பிராங்பர்ட்டில் அதிகாரி அந்தத் தாளைப் படித்து, திரும்பும் டிக்கெட்டைப் பார்த்து, தேதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

இனிப் போகிறவர்களுக்கு எல்லையில் நடைமுறை வேறு. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய மின்னணுப் பதிவு முறையில், முத்திரைக்குப் பதிலாக முகப்படமும், நுழையும் வெளியேறும் தேதிகளும் கணினியில் பதிவாகின்றன. தங்கிய நாட்களைக் கணினியே கணக்கிடும். விசாவுக்காகக் கொடுத்த கைரேகை 59 மாதங்கள் செல்லும் என்பதால், அதற்குள் மீண்டும் விண்ணப்பித்தால் பொதுவாக மறுபடி எடுப்பதில்லை. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென ஏற்கப்பட்ட விதியின்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு பலமுறை நுழைவு விசா கிடைக்க வாய்ப்பு உண்டு. பேத்தியின் முதல் பிறந்தநாளையொட்டி மறுபடி போக வேண்டும் என்று அம்மா சொல்கிறார். இந்தப் பருவத்துக் காபி, மிளகு விற்பனை ரசீதுகளை அதற்காகத் தனிக் கோப்பில் சேர்த்துவருகிறேன்.