குடத்தின் வாயருகே ஒரு மைக்: தொலைவிலிருந்து நகர்த்தும் தாங்கியைச் செய்த அனுபவம்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்கு முன்பாக வில்லுப்பாட்டுக் குழுக்கள் வருவது வழக்கம். வில்லின் மணிகளும் உடுக்கையும் ஓரளவு எளிதாகப் பதிவாகிவிடும், குடம்தான் சோதிக்கும். பத்தி என்னும் தட்டையான மட்டையால் அதன் வாயை அடிக்கும்போது மைக் நேர் எதிரே இருந்தால் 'பொம்'மென்ற கனம் மட்டுமே மிஞ்சுகிறது. நான்கு விரற்கடை பக்கவாட்டில் நகர்த்தினால், காசால் குடத்தின் உடலைத் தட்டும் கணீரோசையும் சேர்ந்து வருகிறது. அந்த ஓரிடத்தைத் தேடி பதிவறைக்கும் நான் உட்கார்ந்து கேட்கும் அறைக்கும் இடையே ஓயாமல் நடப்பேன். கதவுகளைச் சாத்திவிட்டு வந்து உட்காருவதற்குள், முன்பு கேட்ட ஒலி காதில் தங்கியிருக்காது.

ஆகவே உட்கார்ந்த இடத்திலிருந்தே மைக்கை நகர்த்தும் தாங்கி ஒன்றைச் செய்ய முனைந்தேன். மேல் கீழ், முன் பின், இடம் வலம் என மூன்று அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் சுற்றுக்கு 200 படிகள் நகரும் நெமா 17 என்ற அளவிலான ஸ்டெப்பர் மோட்டார். ஷூர் எஸ்எம்57 மைக்கின் எடை 284 கிராம்தான் என்றாலும், எழுபது சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் அது தொங்கும்போது தாங்கியே சாயப் பார்க்கும் என்பதால், கையின் பின்முனையில் எடைக்கட்டி ஒன்றை மாட்டினேன்.

நகர்வது எளிதாகவே அமைந்தது. அசையாமலும் ஓசையில்லாமலும் நிற்பதுதான் கடினமாக இருந்தது. நின்ற நிலையிலும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்துகொண்டே இருப்பதால் எழும் மெல்லிய கீச்சொலி, தாங்கியின் குழாய் வழியே ஏறி மைக்குக்குள் புகுந்துவிட்டது. மோட்டாருக்கும் இரும்புக்கும் நடுவே சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தபோது குறைந்ததே தவிர, முற்றிலும் நீங்கவில்லை. பதிவு தொடங்கும் முன் மின்சாரத்தையே துண்டித்துப் பார்த்தேன். அப்போது கை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இறங்கி, பாட்டின் நடுவே குடத்தின் விளிம்பில் மைக்கை டக்கென்று இடித்தது. குடம் உடையவில்லை, ஆனால் குடம் அடித்த கலைஞரின் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, மோட்டார் சுழலும்போது கையை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டைக் கையில் வாங்கி, நகத்தால் மரையை வருடிப் பார்த்தார். "தம்பி, மரை இம்புட்டு சரிவா இருந்தா பாரம் தானா இறங்கத்தான் செய்யும். லாரி ஜாக்கிய பாத்திருக்கியளா? கைய எடுத்தாலும் நிக்கும்லா?" என்றார். நான் வாங்கியிருந்த தண்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்வது. வேகமாக நகரும் என்பதற்காகவே அதைத் தேர்ந்திருந்தேன். அதுதான் என் பிழை. சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் மட்டும் நகரும் தண்டை மாற்றியபின், மின்சாரமே இல்லாமல் மரையின் உராய்வே கையைப் பிடித்து நிறுத்தியது. ஒரு படிக்கு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்ற நுட்பமும் கூடவே கிடைத்தது. ஏறி இறங்க நான்கு மடங்கு நேரமாகிறது; பொறுத்துக்கொள்ளலாம்.

கம்பியில்லாக் கட்டுப்பாட்டைச் சில நாள் முயன்றுவிட்டு, பதிவறைக்குள் அலைபரப்பும் கருவி எதுவும் வேண்டாம் என முடிவு செய்து, சுவர்த்துளை வழியே கம்பியையே இழுத்தேன். மின்வழங்கிப் பெட்டியும் என் அறையிலேயே இருக்கிறது. மோட்டார் கம்பியை மைக் கம்பியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. கடந்தே ஆக வேண்டிய இடத்தில் இரண்டும் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும்.

மின்சாரம் நின்று வந்தால் மோட்டாருக்குத் தன் இடம் நினைவிருக்காது என்பதால், ஒவ்வொரு முறையும் அசைவின் கடைசியில் இருக்கும் எல்லை சுவிட்சைத் தொட்டுவிட்டே எண்ணத் தொடங்குமாறு நிரலை அமைத்தேன். சென்ற கொடைக்கு முன் அந்தக் குடக் கலைஞரின் குழு மீண்டும் வந்து, முதல் நாள் பாதியில் நிறுத்திய கதையை மறுநாள் காலையில் தொடர்ந்தது. முதல் நாள் மைக் நின்ற இடத்துக்குச் சேமித்திருந்த எண்ணை அழுத்தியதும் கை மெல்ல இறங்கி, குடத்தின் வாய்க்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. இரண்டு நாள் பதிவுகளையும் ஒட்டிக் கேட்டபோது, குடத்தின் ஓசையில் ஒட்டு எங்கே விழுந்தது என்று அந்தக் கலைஞராலேயே சொல்ல முடியவில்லை.