குசினிச் சுவிட்ச்சில் ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டு மலசலகூடம் வளவுக்குள், கிணற்றடிக்கு அப்பால் இருக்கிறது. அதன் லைற்றுக்கான சுவிட்ச் குசினிக்குள், பின்கதவுக்குப் பக்கத்தில். பின்கதவைச் சாத்திவிட்டால் வெளியில் லைற் எரிகிறதா இல்லையா என்று உள்ளேயிருந்து தெரியாது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. சுவரும் வெள்ளை, சுவிட்ச்சும் வெள்ளை. படுத்து அரை மணித்தியாலம் போன பிறகு, "லைற்ற நூத்தேனா எண்டு தெரியா மகள்" என்று எழும்பி, கதவைத் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார்.

9 வொட் எல்.ஈ.டி. பல்ப் அது. இரவு முழுக்கப் 10 மணித்தியாலம் எரிந்தாலும் 0.09 யுனிட். ஒரு மாதம் முழுக்க ஒவ்வோர் இரவும் மறந்து விட்டாலும் 3 யுனிட்டைத் தொடாது. இந்தக் கணக்கைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் அம்மாவிடம் எடுபடவில்லை. மாரி மழையில் ஒருநாள் பின்வாசல் படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்பு தப்பியது. அடுத்த நாளே திருகோணமலை என்.சி. வீதிக்குப் போய், லைற் எரியும்போது சிவப்பாக ஒளிரும் பொட்டு வைத்த சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தேன். அதைப் பூட்டித் தந்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அரை மணித்தியால வேலை. பொட்டு எரிந்தது, அம்மா நிம்மதியாகப் படுத்தார், நானும் அதை மறந்துவிட்டேன்.

அந்த நிம்மதிக்கு அடியில் கிடந்த பிழை போன வருடம் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில்தான் வெளியில் வந்தது.

முதலில் பொட்டு மங்கியது. பொட்டுக்குள் இருக்கிற சின்ன நியோன் பல்ப் பழசாகிவிட்டது என்று நினைத்தேன். நியோன் பல்ப் ஓடஓடக் கண்ணாடியின் உட்பக்கம் கறுத்து ஒளி குறைவது வழக்கம்தான், ஆகவே சந்தேகம் வரவில்லை. பிறகு அம்மா சொல்லத் தொடங்கினார்: "ஃபிரிட்ஜைத் தொட்டா விரல் விறுவிறுக்குது." எங்கள் வீடு டச்சு பே கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்றில் ஃபிரிட்ஜ் கதவோரப் பெயின்ற் உரிந்து துரு தெரிகிறது. அந்த இடத்தில் விரல் பட்டால்தான் விறுவிறுப்பு, அதுவும் இரவில்தான். நான் பகலில் பத்துத் தரம் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வயது போனவர்களுக்கு நரம்பு விறைக்கும் என்று நானே அம்மாவுக்குச் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை எனக்கு வருத்தம்.

ஓர் இரவு நான் குசினி மேசையில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, ஈரக் காலோடு வந்து, வெறும் சீமெந்து நிலத்தில் நின்றபடி தண்ணீர்ப் போத்தல் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். வெளி லைற்றை இன்னும் நூர்க்கவில்லை. சுவிட்ச் பொட்டு வழக்கம்போல மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. அம்மாவின் கை கதவோரத்தில் பட்ட அந்தக் கணம் பொட்டு பளிச்சென்று எரிந்தது. "ஸ்" என்று கையை எடுத்தார். பொட்டு மங்கியது.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தப் பொட்டை எரியவைத்த மின்சாரம் அம்மாவின் கை வழியாக வந்து கால் வழியாக நிலத்துக்குப் போயிருக்கிறது.

அப்பாவின் டெஸ்டர் இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது, மஞ்சள் பிடி போட்டது. முதலில் கரண்ட் இருக்கிற சொக்கெட்டில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். இதை அப்பா சொல்லித் தந்தார்: எரியாத டெஸ்டரை நம்பி வயரில் கை வைக்காதே. பிறகு ஃபிரிட்ஜின் துருவில் வைத்தேன், எரிந்தது. வெளி லைற்றை நூர்த்தேன், டெஸ்டரும் நூர்ந்தது. போட்டேன், எரிந்தது. ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சொக்கெட்டின் மேல் ஓட்டையில், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற ஏர்த்துக்கான ஓட்டையில் வைத்தேன். அங்கும் எரிந்தது. ஃபிரிட்ஜில் பிழையில்லை. வீட்டின் ஏர்த் வயர் முழுவதிலும் கரண்ட் நிற்கிறது. ஸ்திரிக்கைப்பெட்டி, வொஷிங் மெஷின் என்று ஏர்த் போன எல்லா இரும்பிலும் அதே நிலை.

மெயினை நிறுத்திவிட்டு, விடிந்ததும் அப்பாவோடு முன்பு வேலை செய்த அண்ணா ஒருவரைக் கூப்பிட்டேன். வயரிங்கில் 40 வருடப் பழக்கம். சுவிட்ச்சைக் கழற்றினார், பின்பக்கத்தைப் பார்த்தார், என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது திருகில் பச்சை வயர், அதாவது ஏர்த்.

என்ன நடந்தது என்பதை விளங்கப்படுத்துகிறேன், இது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

சாதாரண சுவிட்ச்சுக்கு வருவது இரண்டு வயர். ஒன்று கரண்ட் வருகிற லைவ், மற்றது சுவிட்ச்சிலிருந்து பல்ப்புக்குப் போவது. பல்ப்பிலிருந்து திரும்புகிற நியூட்ரல் கூரைக்கு மேலேயே இணைந்துவிடும், சுவிட்ச்சுப் பெட்டிக்குள் இறங்குவதில்லை. லைற் எரியும்போது ஒளிர வேண்டிய பொட்டுக்கோ, பல்ப்பைப் போலவே, ஒரு பக்கம் சுவிட்ச்சைத் தாண்டி வந்த லைவும் மறுபக்கம் நியூட்ரலும் வேண்டும். பெட்டிக்குள் நியூட்ரல் இல்லை. ஆனால் இரும்புப் பெட்டிக்கென்று வந்த ஏர்த் வயர் இருக்கிறது. அதில் கட்டினாலும் பொட்டு எரியும். கட்டியவர் எரிகிறது என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை? நியோனோடு தொடராக 150 கிலோ ஓம் அளவில் ஒரு தடை இருக்கும். 230 வோல்டில் அதன் வழியாகப் போவது ஏறக்குறைய 1 மில்லி அம்பியர்தான். எங்கள் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுவது. 1 மில்லி அம்பியர் அதன் கண்ணில் படாது. அம்மாவின் விரலில் மட்டும் படும்.

அப்படியென்றாலும் ஏர்த் நன்றாக இருந்திருந்தால் அந்த 1 மில்லி அம்பியர் நேரே மண்ணுக்குப் போயிருக்கும், ஃபிரிட்ஜில் நின்றிருக்காது. அண்ணா கிணற்றடிக்குப் போய் ஏர்த் கம்பியைத் தேடினார். அதன்மேல் ஓட்டுத் துண்டும் பூச்சாடியும். மான் வந்து தின்னாமல் இருக்கட்டும் என்று அம்மா செம்பருத்திச் சாடிகளை அந்த மூலையில்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் கிளாம்ப் முழுக்கப் பச்சைக் களிம்பு. விரலால் தட்ட, வயர் கையோடு வந்தது. உள்ளே செம்பு இழைகள் உப்பில் தின்னப்பட்டு, பவுடராகக் கொட்டின. மாரியில் மண் ஈரமாக இருந்தபோது மிச்சமிருந்த இழைகளால் எப்படியோ சமாளித்திருக்கிறது. கச்சான் அடித்து மணல் காய்ந்ததும் தொடர்பு முற்றாக அறுந்துவிட்டது.

இதில் என்னைப் பயமுறுத்தியது அந்த 1 மில்லி அம்பியர் இல்லை. நாளைக்கு ஃபிரிட்ஜுக்குள் உண்மையாகவே ஒரு வயர் உரிந்து அதன் இரும்பு உடம்பில் பட்டால், கரண்ட் போக மண்வழி இல்லை. யாராவது தொடும்வரை ட்ரிப் விழாது. தொடுகிறவர்தான் அந்த வழியாக இருப்பார். நான் மாதாமாதம் ட்ரிப் சுவிட்ச்சின் பொத்தானை அமத்திப் பார்க்கிறவள். டக்கென்று விழும், எல்லாம் சரி என்று நினைப்பேன். அந்தப் பொத்தான் சோதிப்பது சுவிட்ச்சை மட்டும். மண்ணுக்குள் இருக்கிற கம்பி அறுந்திருந்தாலும் அது அதேபோல விழும். இது எனக்குத் தெரியாது. பிழையாகக் கட்டிய அந்தப் பொட்டு இல்லாவிட்டால் ஏர்த் போனதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

புதுக் கிளாம்ப், புது வயர், கிரீஸ் பூசி, சுற்றிவரச் சின்னதாகச் சீமெந்துத் தொட்டி கட்டி மூடி போட்டாயிற்று. அதன்மேல் இனிச் சாடி வைப்பதில்லை.

பிறகு சுவிட்ச். கூரைக்குள் இருக்கிற இணைப்புப் பெட்டியிலிருந்து, அதே லைற்றின் நியூட்ரலைக் குழாய் வழியே கீழே இழுத்தோம். வயர் 1/1.13, லைற்றுக்குப் போடுகிற ஒற்றைக் கம்பிதான். பக்கத்துச் சொக்கெட்டில் நியூட்ரல் இருக்கிறதே, இவ்வளவு கிட்டவாக, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை" என்றார் அண்ணா. "எந்த லைற்றோ அந்த லைற்றிட நியூட்ரல்." சொக்கெட் வேறு பிரேக்கரில் ஓடுகிறது. லைற்றின் பிரேக்கரை மட்டும் நிறுத்திவிட்டு ஒருவர் வேலை செய்தால், இரவல் வாங்கிய அந்த வயர் அவரை ஏமாற்றிவிடும். எங்கள் வீடு சிவப்பு, கறுப்புக் காலத்தது. கடையில் இப்போது மண்ணிறமும் நீலமும். நீல வயரின் இரு முனையிலும் கறுப்பு டேப் சுற்றி வைத்தார், அடுத்து யார் திறந்தாலும் விளங்கட்டும் என்று.

சுவிட்ச்சின் பின்னால் மூன்று திருகு. ஒன்று லைவ் வருவது, ஒன்று லைற்றுக்குப் போவது, ஒன்று நியூட்ரல். கம்பியை இரண்டாக மடித்து நுழைத்தால் திருகு நன்றாகக் கவ்வும். நான்தான் முறுக்கினேன். மெயினைப் போட்டதும் பொட்டு எரிந்தது. சுவிட்ச்சை அமத்தினேன், லைற் எரிந்தது, நூர்ந்தது, பொட்டு மட்டும் நூராமல் எரிந்துகொண்டே இருந்தது. லைவையும் லைற் வயரையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். நியோனுக்கு நேரே லைவ் கிடைத்துவிட்டது. லைற் ஒழுங்காக வேலை செய்வதால் இந்தப் பிழையைப் பலர் கவனிக்க மாட்டார்கள். மறுபடி மெயினை நிறுத்தி, இரண்டையும் மாற்ற, சரியாக வந்தது.

அறைக்குள் இருக்கிற சுவிட்ச் வேறு வகை. அதில் பொட்டு எரிவது லைற் நூர்ந்திருக்கும்போது, இருட்டில் சுவிட்ச்சைக் கண்டுபிடிக்க. அதற்கு நியூட்ரல் தேவையில்லை. நியோன் சுவிட்ச்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே நிற்கும், பல்ப் வழியாகவே மிச்ச வழியை எடுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்ப்பில் பிரச்சினையே இல்லை. எல்.ஈ.டி. மாட்டியதும் நூர்த்த பல்ப் சில செக்கனுக்கு ஒருதரம் மின்னத் தொடங்கியது. நியோன் வழியாக ஒழுகுகிற துளிக் கரண்ட் பல்ப்பின் உள்ளே இருக்கிற கொண்டென்சரில் சேர்ந்து, நிரம்பியதும் ஒருதரம் மின்னி வடிகிறது. ஹோல்டரில் ஒரு சின்னக் கொண்டென்சரைக் குறுக்கே போட அது நின்றது.

நியோனை 1898இல் லண்டனில் ரம்சே, டிராவர்ஸ் என்ற இருவர் திரவமாக்கிய காற்றிலிருந்து பிரித்தார்கள். நாம் மூச்சு விடுகிற காற்றில், 10 லட்சத்தில் 18 பங்கு அது. அப்பாவின் டெஸ்டருக்குள் இருப்பதும் சுவிட்ச் பொட்டுக்குள் இருப்பதும் அதுதான். 1 மில்லி அம்பியருக்கும் குறைவான கரண்டிலேயே கண்ணுக்குத் தெரிகிறது என்பதால்தான் இரண்டுக்கும் அதை எடுத்திருக்கிறார்கள். கண்ணில் புரை விழுந்த அம்மாவுக்கும் அந்தச் செம்மஞ்சள் தெரிகிறது. கரண்ட் வெட்டினால் பொட்டும் போய்விடும் என்பதை மட்டும் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா இப்போதும் ஃபிரிட்ஜைத் திறக்க முன் புறங்கையால் ஒருதரம் தொட்டுப் பார்க்கிறார். நான் தடுப்பதில்லை. கிணற்று மோட்டருக்கும் இப்படி ஒரு பொட்டு வேண்டுமாம், தண்ணீர் நிரம்பி வழிவது தெரியாமல் ஓடுகிறது என்கிறார். அந்தப் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை திறந்து பார்க்க வேண்டும்.