மாத்தளை அம்மன் சந்நிதியில், ஆள்பவர்களுக்காக ஓர் அர்ச்சனை

ஹட்டனிலிருந்து கண்டி, அங்கே பஸ் மாறி அக்குறணை வழியாக மாத்தளை. கோயில் வாசலில் நிற்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. செருப்பைக் கழற்றியதும் அம்மா நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். 108 அடி ராஜகோபுரம்.

இலங்கையின் மலையகத்தில் எத்தனையோ கோயில்கள் இருந்தாலும் இந்த முத்துமாரியம்மன் எங்கள் சனத்துக்குத் தனி. கோப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில் அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்துதான் மலைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். உயிர் தப்பியவர்கள் மாத்தளையில் மரத்தடி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உதவியோடு 1874இல் கோயில் எழுந்தது. 1983 கலவரம் இதையும் விட்டுவைக்கவில்லை. மறுபடியும் எழுப்பினார்கள். இன்றைக்கும் மாசிமகத்துக்குப் பிள்ளையார், முருகன், சிவன், அம்மன், சண்டேசுவரர் என்று ஐந்து தேர் வீதிக்கு வருகிறது.

நாங்கள் போனது சாதாரண வெள்ளிக்கிழமை, மதியப் பூசைக்கு. தீபாராதனை முடிந்து பஞ்சபுராணம் ஓதினார்கள், அப்புறம் வாழ்த்து. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் பாடியது. இலங்கைச் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம்.

“வான்முகில் வழாது பெய்க மலிவளம் சுரக்க மன்னன்
கோன்முறை அரசு செய்க குறைவிலாது உயிர்கள் வாழ்க”

பக்கத்தில் அம்மாவும் முணுமுணுத்தார். கூப்பிய கைகளில் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், நக ஓரமெல்லாம் வெடிப்பு. மழை பொய்த்தால் மலையில் கொழுந்து இல்லை, கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். ஆனால் மழைக்கும் உயிர்களுக்கும் நடுவில் அரசனை ஏன் வைத்தார் கச்சியப்பர்? மழை பெய்தாலும், ஆள்பவன் முறை தவறினால் அந்த வளம் சனத்தின் கைக்கு வராது என்பதனால்தான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் இந்த நாட்டில் மழையும் பெய்தது, நிலமும் இருந்தது. ஆனாலும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம்.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. அனுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட எல்லாளன் தமிழன், பௌத்தனும் அல்லன். ஆனாலும் பௌத்த நூலான மகாவம்சம் அவன் நீதியைப் போற்றுகிறது. கன்றை இழந்த பசு மணியடித்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. வெயிலில் காயப்போட்ட அரிசி காலமல்லாத மழையில் நனைந்துபோனதால் ஒரு கிழவி வந்து அரண்மனை மணியை இழுத்தாளாம். மழைக்கு நான் என்ன செய்வேன் என்று அவன் கேட்கவில்லை. அரசன் நீதியாக இருந்தால் மழை காலத்தில் பெய்ய வேண்டுமே என்று நினைத்து, உண்ணாமல் நோன்பு கிடந்தான். அதன் பிறகு வாரம் ஒருமுறை, அதுவும் நள்ளிரவில் மட்டும் மழை பெய்ததாக அந்த நூல் சொல்கிறது.

ஒரு கிழவியின் அரிசிக்காகத் தெய்வத்தின் முன் பட்டினி கிடக்கிற மனசு! அதைத்தான் நான் பக்தியுள்ள தலைமை என்கிறேன். தேர்தல் நெருங்கும்போது மாலையும் கமராவுமாக வந்து பரிவட்டம் கட்டிக்கொள்வதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தனக்கு மேலே கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற பயம், யாரும் பார்க்காதபோதும் இருக்க வேண்டும்.

அந்தப் பயம் இல்லாமல் போடப்பட்ட சட்டம் என்ன செய்யும் என்பதை எங்கள் மூதாதையர் அனுபவித்தார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் பின்னாலேயே போனது. அப்போது தமிழ்த் தலைவர் செல்வநாயகம் எதிர்த்து நின்றார். தன் கட்சியையே பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வாக்கில்லாத சனத்துக்காகப் பேசி எந்த அரசியல்வாதிக்கு என்ன லாபம்? அவர் கிறிஸ்தவர், நாங்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். தெய்வத்துக்கு அஞ்சுகிற மனிதருக்கு அது ஒரு தடையே இல்லை. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் உரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூசை முடிந்து அர்ச்சனைத் தட்டோடு போனோம். ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டுப் பேர்களைச் சொல்லி முடித்த பிறகு அம்மா தயங்கித் தயங்கி, “இன்னொன்னு சாமி, நாட்ட ஆளுறவங்களுக்கும் பண்ணுங்க. நட்சத்திரம் தெரியாது” என்றார்.

“தெரியாட்டி என்னம்மா, அம்மனுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அதையும் செய்தார். குங்குமத்தை வாங்கி அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

எங்கள் தோட்டக் கோயிலில் நேரம் போகிறது என்று சில வெள்ளிக்கிழமைகளில் வாழ்த்தை விட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வந்ததும் கோயில் கமிட்டித் தலைவரிடம் போய், இனி அதைப் பாடாமல் நடை சாத்த வேண்டாம் என்று கேட்டேன். சரி என்றார். முதல் வரியை எடுத்துக் கொடுக்க, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கு அம்மாவே இப்போது சொல்லிக்கொடுக்கிறார்.