எப்போதிருந்து இப்படி?

பள்ளிகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். 2013-இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் வேலை இது. அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் பள்ளிக்கு ஒரு தடவையும் போய், 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை என்று வண்டி சுற்றும். கண், காது, பல், இதயம் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் யாராவது ஒரு பிள்ளையைத் தனியாகக் கூட்டி வருவார். "சிஸ்டர், இப்ப சிரிச்சிட்டு இருப்பான், அடுத்த நிமிஷம் பெஞ்சைத் தள்ளிட்டு ஓடுதான். எங்களால முடியல."

வீட்டில் கேட்டால் செல்லம் கொடுத்துக் கெட்டது என்பார்கள், இல்லையென்றால் பயந்த கோளாறு என்பார்கள். மந்திரித்த கயிறு கையில் இருக்கும். அதை நான் குறை சொல்வதே இல்லை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறதே, அதுவே பெரிய விஷயம்.

நான் முதலில் கேட்பது, எப்போதிருந்து இப்படி என்றுதான். நன்றாக இருந்த பிள்ளை சில மாதங்களில் ஆளே மாறிப்போனால் வளர்ப்பைப் பேசுவதற்கு முன் உடம்பைப் பார்த்தாக வேண்டும்.

பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் கிடைக்கும். மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்து, ராத்திரி முழுக்க வாயைத் திறந்து குறட்டை விடுகிற பிள்ளைக்கு நல்ல தூக்கம் ஏது? பகலெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். இரத்தசோகையும் அப்படித்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தைராய்டும் மனநிலையை ஆட்டிவைக்கும்.

மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியும் பார்ப்பேன். வலிப்புக்குக் கொடுக்கிற லெவெட்டிராசெட்டம் சில பிள்ளைகளுக்குக் கடுமையான கோபத்தைக் கொண்டுவரும். சளிக்கும் இளைப்புக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரையால் மனநிலை மாறக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020-இல் கடும் எச்சரிக்கையே போட்டது. அதற்காக மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார்.

என் மனதை விட்டுப் போகாதவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அவள் ஊரைச் சொல்லவில்லை. அம்மா பீடி சுற்றுகிறவர். "காப்பி டம்ளரக் கொண்டாந்து தருவா, இப்பம் பாதி சிந்திருது. ஏம்ட்டின்னு கேட்டா அழுதா, இல்லன்னா அடிக்க வாரா சிஸ்டர்" என்றார். படிப்பும் விழுந்துவிட்டது. திமிர் என்று வகுப்பில் முடிவு கட்டியிருந்தார்கள்.

தமிழ் நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஜூன் மாதப் பக்கங்களில் கோடு தாண்டாத உருண்டையான எழுத்து. அக்டோபரில் அதே கை எழுதியது, வரி போகப் போகச் சிறுத்து, கடைசிச் சொல்லைப் படிக்கவே முடியவில்லை. 'ழ'வின் சுழிகள் மூடாமல் நின்றன. இரண்டு மூன்று பக்கங்களில் எச்சில் விழுந்து மை கலைந்திருந்தது. திமிர் பிடித்தால் கையெழுத்து ஏன் சுருங்க வேண்டும்? எங்கள் குழு டாக்டர் நோட்டைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரர் சொந்தமாம்மா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டார். "ஆமா டாக்டர், என் தாய்மாமன் மகன்தான்."

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண் டாக்டர் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் கண்டார். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அதிகம். வில்சன் நோய். 1912-இல் கின்னியர் வில்சன் என்ற மருத்துவர் விவரித்தது. சாப்பாட்டில் வரும் செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்ற முடியாமல், அது கல்லீரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வ நோய்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகும், கண்டுபிடித்தால் மருந்து உண்டு. அதனால்தான் அபூர்வம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தைத் தொடங்கினார்கள். காலம் முழுக்க மருந்து வேண்டும். வீட்டில் இருந்த செம்புக் குடத்துத் தண்ணீரை நிறுத்தச் சொன்னோம். கோபம் படிப்படியாகத்தான் தணிந்தது. கையெழுத்து இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. டீச்சர் அவளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடும், டாக்டர் அன்றைக்குச் சொந்தமா என்று கேட்டது அதனால்தான். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஐந்தாம் வகுப்புத் தம்பிக்கு எந்தத் தொல்லையும் கிடையாது, நாள் முழுக்கத் தெருவில் பந்தோடு நிற்கிறவன். அவனையும் பரிசோதிக்கச் சொன்னபோது ஆச்சி சண்டைக்கே வந்துவிட்டார். கடைசியில் அவனுக்கும் இருந்தது. அறிகுறி வருவதற்கு முன்பே, சாப்பாட்டுச் செம்பு உடம்பில் சேராமல் தடுக்கும் துத்தநாக மாத்திரை தொடங்கியாயிற்று. மூத்த அண்ணனுக்கு மாமன் மகளைப் பேசி வைத்திருக்கிறார்களாம். போன வாரம் அந்த அம்மா போன் செய்து, அவர்கள் இரண்டு பேருக்கும் எங்கே டெஸ்ட் எடுக்கலாம் என்று கேட்டார்.